உழுதவன் கணக்கு: ஏறினது செலவா, ரொக்கமா?

போன பதிவுல நெல்லு விலை பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதினேன். பின்னூட்டத்துல ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டீங்க. ஒரு கட்சி, "விவசாயி செலவு விஷம் மாதிரி ஏறிடுச்சு, விலை மட்டும் ஏறலை". இன்னொரு கட்சி, "அதெல்லாம் சும்மா சார், வருஷா வருஷம் ஆதரவு விலை ஏத்துறாங்க, உரத்துக்கு மானியம், கரண்டு இலவசம், இன்னும் என்னதான் வேணும்?". ரெண்டு பக்கமும் ஒருத்தர்கூட ஒரு ஏக்கர் கணக்கை எடுத்து வைக்கலை. "உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது"ன்னு பழமொழி சொல்றதோட நிறுத்திக்கிட்டாச்சு. அந்தப் பழமொழியைச் சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கணக்குப் பார்த்தே இருக்க மாட்டாங்க :-)

சரி, நாமளாவது பார்த்துடுவோம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல டெல்லி கணக்கு. ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம். 1965-ல் வேற பேர்ல ஆரம்பிச்சது, 1985-ல இந்தப் பேர் வந்தது. அவங்க செலவை ஒரே எண்ணா சொல்றதில்லை, பல அடுக்கா சொல்வாங்க. நமக்கு மூணு போதும்.

ஏ2: விவசாயி கையை விட்டுப் போற செலவு. விதை, உரம், மருந்து, கூலி, டீசல், மெஷின் வாடகை, குத்தகை கொடுத்திருந்தா அதுவும்.

ஏ2 கூட குடும்ப உழைப்பு: மேல சொன்னதோட, வீட்டு ஆளுங்க வயல்ல பாடுபட்டதுக்கு ஒரு கூலி போட்டுச் சேர்த்தது.

சி2: இன்னும் மேல போய், சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி இதெல்லாமும் சேர்த்தது.

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல், ஆதரவு விலை உற்பத்திச் செலவை விட குறைஞ்சது 50 சதவீதம் கூட இருக்கணும்னு சொல்லிச்சு. எந்தச் "செலவு"ங்கிறதுலதான் அதுக்கப்புறம் வந்த சண்டை பூரா. 2018 பட்ஜெட்ல "ஒன்றரை மடங்கு கொடுத்துட்டோம்"னு அறிவிச்சது நடு அடுக்கை வச்சு. விவசாயச் சங்கங்கள் கேக்கிறது சி2-வை வச்சு.

2024-25 கணக்கைப் பாருங்க. சாதாரண ரக நெல்லுக்கு நடு அடுக்குச் செலவு குவிண்டாலுக்கு 1,533 ரூபாய். ஒன்றரை மடங்கு போட்டா 2,300. அதான் அறிவிச்ச விலை. சி2 கணக்குல செலவு 2,008. அதுக்கு ஒன்றரை மடங்குன்னா 3,012. நடுவுல குவிண்டாலுக்கு 700 ரூபாய் பள்ளம். ஆளுக்கு ஒரு எண்ணைக் கையில வச்சுக்கிட்டுக் கத்தினா சண்டை எப்படி முடியும்?

இப்போ ஊர்க் கணக்கு. மன்னார்குடி பக்கம் எங்க சித்தப்பா 3 ஏக்கர் சொந்தத்துலயும் 4 ஏக்கர் குத்தகையிலயும் நெல்லு போடுறார். அவர்கிட்ட ஒரு நல்ல பழக்கம், எதையும் நோட்டுல எழுதி வைப்பார். 20 வருஷ நோட்டு பரண்ல கிடக்கு. போன பொங்கலுக்குப் போனப்போ ரெண்டு வருஷத்தை மட்டும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். 2004-05 சம்பா, 2024-25 சம்பா. ஒரே வயல், ரெண்டு வருஷமும் சிஆர் 1009 ரகம்தான். ஏக்கருக்குக் கணக்கு இது:

- உழவு, சேடை: அப்போ 900, இப்போ 4,800
- வரப்பு வெட்டு: அப்போ 250, இப்போ 1,500
- விதை, நாத்தங்கால்: அப்போ 550, இப்போ 2,700
- நாத்துப் பறி, நடவு: அப்போ 1,250, இப்போ 6,000
- களை: அப்போ 600, இப்போ 3,100
- உரம் (தெளிக்கிற கூலியோட): அப்போ 1,250, இப்போ 4,200
- பூச்சி மருந்து: அப்போ 350, இப்போ 2,400
- டீசல்: அப்போ இல்லை, இப்போ 900
- அறுப்பு: அப்போ நெல்லாவே கூலி, இப்போ மெஷினுக்கு 3,900
- வண்டி, ஏத்துக்கூலி, காய வைக்கிறது: அப்போ 250, இப்போ 2,500

கூட்டினா அப்போ ரொக்கம் 5,400. இப்போ 32,000. கிட்டத்தட்ட 6 மடங்கு. (சித்தப்பா, சித்தி வயல்ல நின்ன நாளுக்கு ரெண்டு வருஷமும் கூலி போடலை. தொழு உரமும் சேர்க்கலை.)

இதோட நிறுத்தினா முதல் கட்சி ஜெயிச்ச மாதிரி தெரியும். ஆனா 2004-05-ல அறுப்புக்குக் களத்துலயே 3 குவிண்டால் நெல்லு அளந்து கொடுத்திருக்கார். அந்த வருஷம் ஆதரவு விலை 560. அப்போ அந்த நெல்லோட மதிப்பு 1,680. அதையும் சேர்த்தா அன்னிக்கு மொத்தச் செலவு 7,080. விளைச்சல் 20 குவிண்டால். ஆக ஒரு குவிண்டால் நெல்லு விளைய 354 ரூபாய்.

2024-25-ல விளைச்சல் 22 குவிண்டால். 32,000-ஐ 22-ஆல வகுத்தா 1,455 வருது. நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல. விலை? டெல்லி 2,300, தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை 105, ஆக 2,405. அதுவும் நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல.

ஆக இந்த வயலைப் பொறுத்தவரைக்கும் 20 வருஷத்துல செலவும் விலையும் ஏறத்தாழ ஒரே வேகத்துலதான் ஓடியிருக்கு. "செலவு ஏறிச்சு, விலை ஏறலை"ங்கிறது அப்படியே உண்மை கிடையாது. அப்படின்னா ரெண்டாவது கட்சி சொல்றதுதான் சரியா? அவசரப்படாதீங்க.

என் கண்ணுல பட்டது வேற ஒண்ணு. 2004-05-ல 11,200 ரூபாய் நெல்லு எடுக்க, முன்கூட்டியே கையில இருந்து போட்ட ரொக்கம் பாதிக்கும் கொஞ்சம் கம்மி. இப்போ 52,910 ரூபாய் நெல்லு எடுக்க 32,000 ரொக்கம். நூத்துக்கு 60. அன்னிக்குச் செலவுல ஒரு பெரிய பங்கு நெல்லாவே, அதுவும் விளைஞ்சப்புறம் போச்சு. விதை வீட்டுக் குதிர்ல இருந்து வந்தது. ஒரு சால் உழவு சொந்த மாட்டுல ஓடிச்சு. மழை வந்து விளைச்சல் பாதியாச்சுன்னா அறுப்புக்கூலி நெல்லும் குறையும். நஷ்டத்துல அறுக்கிறவங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது (அது அவங்களுக்கு நியாயமான்னு கேட்டா, இல்லைதான்). இன்னிக்கு மெஷின் ஓனர் மணிக்கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார். விளைஞ்சாலும் சரி, சாஞ்சு கிடந்தாலும் சரி. சாஞ்சு கிடந்தா பெல்ட் மெஷின் வேணும், நேரமும் கூட ஆகும், காசும் கூட. விளைச்சல் குறையிற வருஷத்துலதான் அறுப்புச் செலவு ஏறுது! இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

ரொக்கம் வீட்டுல இல்லைன்னா கடன். கடன்னா வட்டி. ஒரு மழையில மாட்டினா 5,400 போறதுக்கும் 32,000 போறதுக்கும் உள்ள வித்தியாசத்தை விலைவாசியை வச்சு மட்டும் அளக்க முடியாது. சின்ன விவசாயி ஏன் பயப்படுறார், ஏன் பையனை "வயலுக்கு வராதே"ன்னு துரத்துறார்ங்கிறதுக்குப் பதில் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

சரி, எது எவ்வளவு ஏறிச்சுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

உரம்: இதுலதான் பெரிய வேடிக்கை. 2004-05-ல யூரியா 50 கிலோ மூட்டை 241 ரூபாய் 50 காசு. இப்போ மூட்டையே 45 கிலோவா சுருங்கிப் போச்சு, விலை 266 ரூபாய் 50 காசு. கிலோவுக்குப் பார்த்தா 20 வருஷத்துல ஒரு ரூபாய் சொச்சம்தான் ஏறியிருக்கு. டிஏபி மூட்டை அன்னிக்கு 467 ரூபாய் 50 காசு, இப்போ 1,350. பொட்டாஷ் அன்னிக்கு 223 ரூபாய், இப்போ 1,500-க்கு மேல. காரணம், 2010 ஏப்ரல்ல மத்திய அரசு மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் மானிய முறையை மாத்திச்சு. மானியம் இவ்வளவுதான்னு கட்டிப்போட்டு, விலையைக் கம்பெனிங்க கையில விட்டாங்க. யூரியாவை மட்டும் அந்த ஏற்பாட்டுக்குள்ள கொண்டு வரலை, ஏன்னா அரசியல். உலகச் சந்தை ஏறினா டிஏபியும் பொட்டாஷும் ஏறும். 2021-ல டிஏபி மூட்டை 1,900-க்குப் போக இருந்து, எல்லாரும் கூச்சல் போட்டப்புறம் மானியத்தை மூட்டைக்கு 500-ல இருந்து 1,200 ஆக்கி விலையை இறக்கினாங்க.

விளைவு என்ன? எது மலிவோ அதைத்தான் மனுஷன் அள்ளிப் போடுவான். யூரியாவைக் கூடப் போட்டு பொட்டாஷைக் குறைச்சா பயிர் பச்சைப் பசேல்னு கொழுத்து நிக்கும். தண்டுல பலம் இருக்காது, காத்தடிச்சா சாயும். அந்தப் பச்சையைத் தேடித்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வருது. இப்போ மேல இருக்கிற பட்டியலைத் திரும்பப் பாருங்க. உரச் செலவு மூணு மடங்கு சொச்சம், மருந்துச் செலவு கிட்டத்தட்ட ஏழு மடங்கு. மலிவு யூரியாவோட மிச்ச விலையை மருந்துக்கடையில கட்டிக்கிட்டு இருக்கோம். உர மானியம் விவசாயிக்குப் போகுதுன்னு சொல்றவங்க இந்தச் சுத்து வழியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும்.

இன்னொண்ணு, "லிங்க்" சமாச்சாரம். சீசன்ல டிஏபி கேட்டா, கூடவே ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டோ டானிக் பாட்டிலோ வாங்கினாத்தான் மூட்டை வெளிய வரும். இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிக்கிட்டேதான் இருக்கு. கேட்டா கடைக்காரர், "எனக்கு மேல இருந்தே அப்படித்தான் வருது"ம்பார். அந்த 4,200-ல 300 ரூபாய் இந்த வகை. சித்தப்பா நோட்டுல அதுக்கு "தண்டம்"னு எழுதியிருக்கார் :-)

கூலி: இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே குரல்ல பாடுவாங்க, "நூறு நாள் வேலை வந்து விவசாயத்தையே கெடுத்துடுச்சு"ன்னு. எனக்கு இதுல முழு உடன்பாடு இல்லை. 2006-ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சப்போ தமிழ்நாட்டுல அறிவிச்ச கூலி 80 ரூபாய். 2025-26-ல 336. அறிவிச்ச கூலியை முழுசா கையில வாங்கினவங்க எத்தனை பேருங்கிறது தனிக் கதை. அந்தத் திட்டம் வர்றதுக்கு முன்னாடி எங்க பக்கம் நாள் பூரா குனிஞ்சு நட்ட பொம்பளை ஆளுக்கு 40, 50 ரூபாய். அந்தக் கூலியிலதான் நம்ம நெல்லு மலிவா இருந்தது. அது ஏறினதைப் "பிரச்சினை"ன்னு எழுத எனக்கு மனசு வரலை.

அதோட, அறுப்பு மெஷின் வந்தப்புறம் அவங்க வீட்டுக்குப் போன நெல்லு நின்னு போச்சு. மாசக்கணக்குல வீட்டுச் சோத்துக்கு ஆன நெல்லு அது. பட்டியல்ல பாருங்க, எல்லாச் செலவும் நாலு, அஞ்சு மடங்கு ஏறினப்போ அறுப்பு மட்டும் 1,680-ல இருந்து 3,900. ரெண்டேகால் மடங்குதான். மெஷின்னால விவசாயிக்கு மிச்சம். அந்த மிச்சம் எங்க இருந்து வந்ததுன்னு யாரும் பேசுறதில்லை.

இப்போ நடவுக்கு வர்ற பாட்டிங்களுக்கு வயசு 60-ஐத் தொடுது. அவங்க மகளுங்க திருப்பூர்லயும் சென்னையிலயும் இருக்காங்க. அவங்களும் வயலுக்கு வரணும்னு எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கு? அந்த இடத்துக்கு மேற்கு வங்கத்துல இருந்து ஆளுங்க வந்து குழுவா நட்டுக் கொடுத்துட்டுப் போறாங்க. 2025 டிசம்பர்ல பழைய வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலா புதுச் சட்டம் நிறைவேறிச்சு. 125 நாள் வேலை, ஆனா விதைப்பு அறுப்பு சமயத்துல வருஷத்துக்கு 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம்னு அதுல ஒரு ஏற்பாடு. ஊருல பல பேருக்கு சந்தோஷம். எனக்கு என்னவோ அந்த 60 நாள்ல நடவுக்கூலி பெருசா குறையும்னு தோணலை. குனிஞ்சு நடுறதுக்கு ஆள் இருந்தாத்தானே கூலி குறையும்?

தண்ணி, கரண்டு: இதைச் சுருக்கமா முடிச்சுடுறேன். 1990-ல இருந்து தமிழ்நாட்டுல விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதனால பம்புசெட்டுக்காரங்க செலவுக் கணக்குல கரண்டு பூஜ்யம். ஆனா கொங்குப் பக்கம் ஆயிரம் அடிக்கும் கீழ போற போர்வெல்லுக்கு யாரும் இலவசம் கொடுக்கலை. போட்ட போர்ல தண்ணி வராம போச்சுன்னா அந்தக் கடன் எந்த ஏக்கர் கணக்குலயும் ஏறாது, நகை அடகுச் சீட்டுலதான் இருக்கும். எங்க பக்கம் ஆத்துத் தண்ணி. மேட்டூர் ஜூன் 12-ல திறந்தா ஒரு கணக்கு, திறக்காட்டி டீசல் இஞ்சின் கணக்கு.

இப்போ இந்தப் பதிவை எழுத வச்ச முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். குத்தகை.

2024-25-ல சொந்த நிலத்துல சித்தப்பாவுக்கு ஏக்கருக்கு மிஞ்சினது 52,910-ல 32,000 போக 20,910. பயிர் கிட்டத்தட்ட ஆறு மாசம். மாசத்துக்கு மூவாயிரத்து ஐநூறு, அதுல அவங்க ரெண்டு பேர் உழைப்பும் அடக்கம். பரவாயில்லைன்னு சொல்லலாம்.

(அந்த மிச்சத்தைப் பவுன்ல பார்த்தேன், நம்ம ஊர்ல அதுதானே அளவு. 2004-05-ல மிஞ்சினது 4,120. அப்போ பவுன் ஐயாயிரத்துக்குள்ள. ஒரு ஏக்கர் சம்பா ஒரு பவுனுக்குக் கிட்ட. 2025 ஜனவரியில பவுன் 60,000-ஐத் தாண்டிச்சு. அந்த விலைக்கு ஒரு பவுன் வாங்க மூணு ஏக்கர் சம்பா வேண்டியிருந்தது. தங்கம் எல்லாத்தையும் விட வேகமா ஓடுற சாமான்தான், ஒத்துக்கிறேன். ஆனா பொண்ணு கல்யாணத்துக்கு நெல்லை அளந்து போட முடியாதே.)

அதே சித்தப்பா, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற குத்தகை நிலத்துல? ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையா 9 மூட்டை குத்தகை. 540 கிலோ. 2,405 விலைக்கு 12,987 ரூபாய். 20,910-ல அது போனா 7,923. இந்த நிலத்துக்குக் கூட்டுறவு வங்கியில பயிர்க்கடன் கிடைக்காது, அடங்கல் அவர் பேர்ல இல்லை. அதனால ஏக்கருக்கு 20,000 வெளிய ரெண்டு வட்டிக்கு. ஆறு மாசத்துக்கு வட்டி 2,400. மிஞ்சுறது 5,523.

ஒரே ஆள், ஒரே கை, ஒரே ரகம், ஒரே மழை. வரப்புக்கு இந்தப் பக்கம் 20,910, அந்தப் பக்கம் 5,523.

குத்தகை நிலத்துல அவரோட செலவு குவிண்டாலுக்கு எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன். 2,154 ரூபாய். டெல்லியோட சி2 கணக்கு 2,008-ன்னு மேல சொன்னேன் இல்லையா? சி2-வை எதிர்க்கிறவங்க சொல்ற வாதம் என்னன்னா, "நில வாடகைங்கிறது கற்பனைச் செலவு, சொந்த நிலத்துக்கு யார் வாடகை கொடுக்கிறா?". சொந்த நிலக்காரருக்கு அது கற்பனை. குத்தகைக்காரருக்கு அது களத்துலயே அளந்து போற நிஜ நெல்லு. ஏ2 கணக்குலயே கொடுத்த குத்தகையைச் சேர்க்கிறாங்களேன்னு கேப்பீங்க. சேர்க்கிறாங்க. ஆனா அது நாடு பூரா சராசரி. சொந்த நிலக்காரர், குத்தகைக்காரர், பஞ்சாப்காரர், பீகார்காரர் எல்லாரையும் ஒரே பானையில போட்டுக் கலக்கி எடுத்த எண். அந்த 1,533-ல எங்க சித்தப்பாவோட 9 மூட்டை எங்க கரைஞ்சு போச்சுன்னு தேடினாலும் கிடைக்காது.

சரி, விலையை 3,012 ஆக்கிட்டா தீர்ந்துடுமா? ஆக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா குத்தகை நெல்லாத்தானே அளக்கிறோம்? விலை குவிண்டாலுக்கு 100 ரூபாய் ஏறினா குத்தகைக்காரருக்கு ஏக்கருக்கு 2,200 கூட வரும். அதுல 540 ரூபாய் அந்த 9 மூட்டை வழியா நிலக்காரருக்குத் தானா போயிடும். நெல்லு லாபம்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் 9 மூட்டை 10 மூட்டையாகும். விலையை ஏத்துறது தப்பில்லை. ஆனா அது மட்டும் போதும்னு சொல்றவங்க குத்தகைக்காரரை நினைச்சுப் பார்க்கலைன்னு அர்த்தம்.

விலைக்கு வெளியே கிடைக்கிற ஒவ்வொண்ணும் பட்டாவைப் பார்த்துத்தான் வருது. 2019-ல இருந்து பிஎம் கிசான் வருஷத்துக்கு 6,000 ரூபாய், நிலம் யார் பேர்ல இருக்கோ அவருக்கு. கூட்டுறவுப் பயிர்க்கடன் ஒழுங்கா கட்டினா தமிழ்நாட்டுல வட்டியே இல்லை, ஆனா கடன் ஆவணம் உள்ளவருக்கு. 2021-ல 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்ணினாங்க. வட்டிக்கடையில வாங்கின குத்தகைக்காரருக்கு அதுல ஒரு ரூபாய் தள்ளுபடி உண்டா? பயிர்க் காப்பீடு 2016-ல இருந்து புது வடிவத்துல இருக்கு, நெல்லுக்கு விவசாயி கட்டுறது காப்பீட்டுத் தொகையில 2 சதவீதத்தைத் தாண்டாது. அதுக்கும் விஏஓ கொடுக்கிற அடங்கல் வேணும். நிலக்காரர் "என் பேர்லயே போட்டுக்கலாம்"னு சொல்லிட்டா, பயிர் மூழ்கினப்போ நஷ்டம் ஒருத்தருக்கு, நஷ்ட ஈடு இன்னொருத்தருக்கு.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லயே வந்தாச்சு. குத்தகை உரிமையைப் பதிவு பண்றதுக்குன்னு 1969-ல இன்னொரு சட்டம். கோயில் நிலத்துல சாகுபடி பண்றவங்ககிட்ட ரசீதாவது இருக்கும். தனியார் நிலத்துல வாய்வார்த்தைதான். பதிவு பண்ணினா நிலமே கைவிட்டுப் போயிடும்னு நிலக்காரருக்குப் பயம், கேட்டா அடுத்த வருஷம் நிலமே கிடைக்காதுன்னு குத்தகைக்காரருக்குப் பயம். ரெண்டு பயத்துக்கு நடுவுல சட்டம் 50 வருஷத்துக்கு மேல தூங்குது.

கடைசியா, எந்த ஆணையமும் எழுதாத ஒரு செலவு: காத்திருப்பு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். குறுவை அறுப்பு வர்றது ஐப்பசி மழையில. அந்த மழையில 17 சதவீதம்னு சொல்றவங்க ஒரு நாள் வந்து காய வச்சுக் காட்டணும். 2025 அக்டோபர்ல டெல்டாவுல நெல்லு குவியல்லயே முளைச்சதை எல்லாரும் டிவியில பார்த்தீங்க. மத்தியக் குழு வந்தது, பார்த்தது, போனது. அதுவரைக்கும் படுதா வாடகை, ராத்திரிக் காவல், திரும்பத் திரும்பக் காய வைக்கிற கூலி, அப்புறம் பேர் சொல்ல முடியாத சில "மூட்டைக்கு இவ்வளவு". தாங்க முடியாம வியாபாரிகிட்டக் குறைஞ்ச விலைக்குத் தள்ளினா, மேல நான் போட்ட 2,405 கணக்கே பொய். 2025-26-க்கு மாநில ஊக்கத்தொகையோட 2,500 ஆக்கினது நல்லதுதான். ஆனா எடை போடுற நாளைக்குத்தான் அந்த விலை உண்டு. காத்துக் கிடந்த நாளுக்கு எவன் கொடுப்பான்?

இவ்வளவு எழுதிட்டு "என்னய்யா பண்ணச் சொல்றே?"ன்னு கேட்டா, என் அறிவுக்கு எட்டினது மூணு.

ஒண்ணு, செலவுக் கணக்கைப் போடுறப்போ சொந்த நிலச் சாகுபடி, குத்தகைச் சாகுபடின்னு ரெண்டாப் பிரிச்சு வெளியிடட்டும். 1970-71-ல இருந்து நாடு பூரா சாகுபடிச் செலவை வீடு வீடா எழுதிட்டு வர்ற திட்டம் இருக்கு. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம், சராசரிக்குள்ள அமுங்கிக் கிடக்கிறதை வெளிய எடுத்தாப் போதும்.

ரெண்டு, உரிமையைத் தொடாம "இந்தப் பருவத்துல இந்த நிலத்துல சாகுபடி பண்றவர் இவர்"னு மட்டும் சொல்ற ஒரு சீட்டு. ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும்னு போட்டுக்கலாம். அதை வச்சுக் கடன், காப்பீடு, நிவாரணம் உழுறவருக்குப் போகட்டும். நிலக்காரர் பயமும் தீரும்.

மூணு, கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு உலர்த்துற மெஷின். ஊக்கத்தொகையை ஏத்துற காசுல ஒரு பகுதியை இதுக்குப் போட்டாக்கூட எங்க பக்கம் நிறைய பேர் சந்தோஷமா ஒத்துக்குவாங்க.

மொத ரெண்டையும் அரசாங்கம்தான் பண்ணணும்னு இல்லை, ரெண்டாவதுல நமக்கும் வேலை இருக்கு. இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்காவது ஊருல தாத்தா விட்டுட்டுப் போன ரெண்டு ஏக்கரோ மூணு ஏக்கரோ இருக்கும். நீங்க பெங்களூர்லயோ துபாய்லயோ உட்கார்ந்து இதைப் படிக்கிறீங்க. நிலத்தை வேற யாரோ உழுறார். பொங்கலுக்குப் போறப்போ குத்தகையை வாங்கிக்கிட்டு வர்றீங்க. பிஎம் கிசான் உங்க அப்பா கணக்குல ஏறுது. அடுத்த மழையில அவர் பயிர் மூழ்கினா, அது அவர் பயிர்தான்னு காட்ட அவர் கையில ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கா? இந்தத் தடவை ஊருக்குப் போறப்போ விஏஓ ஆபீசுக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் போய், காப்பீட்டுக்கு அடங்கல் அவர் பேர்ல வாங்கிக் கொடுத்துட்டு வாங்க. வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க, எத்தனை பேர் பண்ணினீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்.

டிஸ்கி: இது ஒரு வீட்டு நோட்டு, ஒரு வயல் கணக்கு. கரும்பு, மஞ்சள், பருத்தி போடுறவங்க கணக்கு வேற மாதிரி இருக்கும். உங்க வீட்டுலயும் பழைய நோட்டு இருந்தா எடுத்து ஒரு பதிவு போடுங்க. சண்டை போட்டாலும் எண்ணை வச்சுச் சண்டை போடுவோம் :-)